குண்டு என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை

என் பிழைப்பு அமெரிக்கர்களின் உடம்பை நம்பி ஓடுகிறது. அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அங்கே ஒருவர் டாக்டரிடம் போய்வந்தால், டாக்டர் எழுதிய குறிப்பு எங்கள் ஆபீசுக்கு வரும். அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணை, எங்கள் பாஷையில் 'கோடு', போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். மெடிக்கல் கோடிங் என்று பெயர். எங்கள் தெருவில் கேட்டால், "அது கம்ப்யூட்டர்ல ஆஸ்பத்திரி வேல பாக்குது" என்பார்கள். அதுவும் சரிதான்.

இந்த வேலையில் என்னை அதிகம் படுத்தியது குண்டானவர்களின் விவகாரம். நர்ஸ் உயரத்தையும் எடையையும் எழுதியிருப்பார். இரண்டையும் வைத்துக் கணக்கிட்ட பி.எம்.ஐ. எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தால் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன்கூடச் சொல்லிவிடுவார், ஆள் ஓவர் வெயிட் என்று. ஆனால் நான் சொல்லக் கூடாது. டாக்டர் தன் வாயால் 'அதிக எடை' என்றோ 'உடல் பருமன்' என்றோ சொல்லிக் குறிப்பில் ஏறியிருந்தால்தான் கோடு போடலாம். இல்லாவிட்டால், எடை மிஷினே உடைந்து விழுந்திருந்தாலும், எங்களைப் பொறுத்தவரை அந்த மனிதருக்கு ஒன்றுமில்லை.

ராயபுரத்தில் வளர்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால், மீன்கார அக்கா செதில் சுரண்டிக்கொண்டே நிமிர்ந்து, "இன்னா கண்ணு, ஒரு சுத்து பெருத்துகீற? ஆபீஸ்ல குந்திகினே துன்றியா?" என்பார். அவரிடம் போய் எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்க முடியுமா? கேட்டால் வஞ்சிரம் கிடைக்காது.

டாக்டர் எழுத மறந்திருந்தால் அவருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். அதற்கும் ஏகப்பட்ட ஆசாரம் உண்டு. "இவர் குண்டுதானே, டாக்டர்?" என்று கேட்கக் கூடாது. அது பதிலைக் கேள்வியிலேயே ஊட்டிவிடுவதாம். "இந்த எண்ணுக்கு மருத்துவ முக்கியத்துவம் ஏதேனும் உண்டா? தெளிவுபடுத்தவும்" என்று பட்டும் படாமலும் கேட்க வேண்டும். கீழே அவர் தேர்ந்தெடுக்க வசதியாக அதிக எடை, உடல் பருமன், வேறு, சொல்ல இயலாது என்று போட வேண்டும். ஒருமுறை நான் ஆர்வக்கோளாறில் 'நிச்சயமாக' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டேன். டீம் லீடர் என்னைக் கூப்பிட்டுவைத்து, சாட்சியைக் கலைத்தவளை விசாரிப்பதுபோல விசாரித்தார்.

இப்படியே பழகிப்பழகி, வீட்டிலும் எனக்கு அதே பேச்சு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஹார்பருக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகிற வண்டி. நல்ல மனுஷர், நல்ல உடம்பு. வாசற்படியில் அவர் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். எந்நேரமும் தூக்கம். டீ கிளாஸைப் பிடித்தபடியே தூங்குவார், ஒரு சொட்டு சிந்தாது. அவர் வேலையில் இது யாருக்கும் அதிசயமில்லை. ஹார்பர் கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கும்போது டிரைவர்கள் எல்லோருமே ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்குகிறவர்கள்தான். வரிசை நகர்ந்தால் பின்வண்டிக்காரர் இறங்கிவந்து கதவைத் தட்டி, "மாமு, நவுரு" என்று எழுப்பிவிடுவார். ஓடுகிற வண்டியின் கதவை யார் தட்டுவார்கள் என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் நான் படிக்கும் குறிப்புகளில் இவரைப் போன்ற ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பருமன், குறட்டை, பகல் தூக்கம், கடைசியில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. ஒவ்வொன்றிலும் இவர் முகம்தான் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்தால் வாய் வராது. முடிவு சொல்ல நான் என்ன டாக்டரா? ஆகவே முறைப்படி கேட்டேன்.

"பகல்ல தூக்கம் வருதே, அதுக்கு இன்னா காரணம்? அசதியா, சாப்பாடா, உடம்பா, வேற எதனாவா?"

"வேற" என்றார்.

"வேறன்னா?"

"உன் கேள்விதாம்மே. கேட்டாலே தூக்கம் வருது."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படிச் சிரித்துச் சிரித்தே தள்ளிப்போட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் காலைப் பூசையில், பிரசங்கம் தொடங்கியதும் இவரும் தொடங்கினார். முன் பெஞ்சில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஃபாதர் குரலை உயர்த்தினார். இவரும் உயர்த்தினார். வெட்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். திடீரென்று குறட்டை நின்றது. அப்பாடா என்று எல்லோரும் நிம்மதியாக முன்னால் திரும்பினார்கள். நான் அவர் மார்பைப் பார்த்தேன். அசையவில்லை. ஃபாதர் பேசிக்கொண்டே போகிறார், மார்பு அசையவே இல்லை. முழங்கையால் ஓங்கி ஒரு இடி இடித்தேன். தண்ணீரிலிருந்து தலைதூக்கியவர்போல மூச்சை இழுத்து, "ஆமென்!" என்று கத்தினார். கோயிலே சிரித்தது. நான் பூசை முடியும்வரை அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, லோடு இருக்கிறது என்று முனகியவரை எங்கள் வழக்கமான கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். அங்கே நர்ஸ் எடை பார்த்து எழுதினார். டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டார்.

"லைட்டா அசதி டாக்டர், அவ்ளோதான். மத்தபடி ஒண்ணுமில்ல."

வெளியே கூட்டம் நிரம்பி வழிந்தது. டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதத் தொடங்கினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், நர்ஸ் எழுதின எடைக்கு மருத்துவ முக்கியத்துவம் ஏதேனும் உண்டா?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என்னம்மா கேக்கறீங்க? புரியலையே."

"அது ஆபீஸ்ல பேசுற பேச்சு டாக்டர், கண்டுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். பாக்கெட்டில் வண்டிச் சாவியைத் தேடினார். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது.

"இவரு ரொம்ப குண்டு டாக்டர்! தூங்கும்போது மூச்சு நின்னுபோவுது. நேத்து கோயில்ல நின்னுச்சு, நான் பாத்தேன். இந்த ஆளு டிரெய்லர் ஓட்டுறாரு. வண்டி எடுத்துகினு போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. பயமா கீது டாக்டர், ரொம்ப பயமா கீது."

ஒவ்வொரு சொல்லும் பதிலை ஊட்டுகிற சொல். அழுகை வேறு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, குறட்டை, தூக்கம், எடை எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் தூங்கவைத்துச் செய்கிற பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் போனை எடுத்து, வண்டி அனுப்புகிற சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு வண்டி எடுக்கல. நாளைக்கும் எடுக்க மாட்டேன், வேற ஆளப் போடு... உடம்புக்குலாம் ஒண்ணுமில்லப்பா. பொஞ்சாதி பயப்படுது."

அந்தப் பக்கம் சிரித்திருக்க வேண்டும்.

"சிரிக்காதடா" என்றார். "இம்மா நாளா பயந்துகினே கீது. எனக்குத் தெரியல."