மூன்றாவது வரிசையில் பத்தாவது குழி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது நான் ஒரு சிறு தாள் எழுதிக்கொண்டுபோவேன். காலை ஜெபம் தவறியது ஒன்பது முறை. மருமகள்மேல் எரிந்து விழுந்தது ஆறு. பூசை நேரத்தில் பராக்கு, எண்ண முடியாத அளவு. பாவத்தின் வகையோடு எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் இருபத்தொன்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, விடியற்காலை ஆஜர் எடுக்கும் பெரட்டில் தினமும் ஆள் எண்ணியவன் நான். பாதிரியார் இல்லாத நாளில் தோட்டத்துக் கோயிலில் ஜெபமும் அடக்கமும் நடத்தும் உபதேசியாரும் நானே.

இந்தத் தவக்காலத்தில், தாளில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். முந்தின ஞாயிறு ஒருவர் சொன்ன செய்திதான் காரணம். தோட்டத்து லாரி ஓட்டிய என் பழைய சிநேகிதனுக்கு நெஞ்சில் மூன்று குழாய் வைத்திருக்கிறார்களாம். அவனுக்கு வயது எழுபத்தொன்பது, எனக்கு எழுபத்தெட்டு. யார் முந்துவோம் என்று கணக்குப் போட்டுப் போட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் சொன்னது இது. பதினாறு வருடத்துக்கு முன் தோட்டத்தை வீடு கட்டுவதற்கு விற்றார்கள். கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளைச் சிறு பெட்டிகளில் எடுத்து, டவுன் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்வதாக ஏற்பாடு. மரச் சிலுவைகளைக் கரையான் தின்று பல வருடம் ஆகியிருந்தது. எந்தக் குழி யாருடையது என்பதற்கு என் அடக்கப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். மூன்றாவது வரிசையில் ஒன்பது பேர். ஒன்பதாவது பெயர் என் சிநேகிதனின் தாயார்.

ஒன்பதாவது குழியில் எலும்பே இல்லை. இரண்டு முழத்திலேயே மண்வெட்டி கெட்டித் தரையைத் தொட்டது. வெறும் கறுப்பு மண்.

"கிராணி, ஆழம் பத்தலடா" என்றான் அவன். "அம்மா நெஞ்சுல பித்தளைச் சுரூபம் வச்சோம். பித்தளை மக்குமா? இன்னொரு குழி பாரு."

சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு நினைவு வந்தது. அந்தக் குழியை வெட்டியவனே அவன்தான். அதற்கு முப்பத்தைந்து வருடம் முன்பு என் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்கக் கூடாது, வேலிக்கு வெளியேதான் என்பது அந்தக் காலத்து வழக்கம். உபதேசியாரான நானே அதை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், மூன்று குடும்பங்களுக்கு. என் பிள்ளை என்று வந்தபோது மனம் ஒப்பவில்லை. சாயங்கால மழையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவன்தான் மூன்றாவது வரிசையின் கடைசியில் குழி வெட்டினான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சிலுவை மேல் கைவைத்துச் சத்தியமும் செய்தான். என் மனைவியிடம்கூட நான் வேலியோரம் என்றே சொன்னேன். மறு வருடம் அவன் தாயாரை அடுத்த இடத்தில் வைத்தோம். பதிவேட்டில் ஒன்பது பெயர், மண்ணில் பத்துக் குழி. நாளடைவில் நான் பதிவேட்டை மட்டுமே எண்ணினேன்.

கல்லறை தோண்டிய அன்றைக்கு என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். வேலியோரத்தில் கிடந்த ஒரு கல்லை, நம் பிள்ளை ஞாபகமாக இருக்கட்டும் என்று, முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். கோயில் ஜனம் முழுவதும் சுற்றி நின்றது. பத்தாவது குழி இருக்கிறது என்று நான் சொன்னால் ஒன்பதாவதில் யார் என்று கேட்பார்கள். நான் சொன்னேன்:

"ஒம்போதுன்னா ஒம்போதுதான். குடிச்சிட்டு வந்து குழப்படி பண்ணாத."

அவன் குடித்திருக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் என் மனைவியின் முந்தானை முடிச்சைப் பார்த்தான். பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டான். மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் புல்டோசர் வந்துவிட்டது. அவன் தாயாரின் பெயரில், பெட்டியில் அள்ளிய கறுப்பு மண்ணாக, டவுன் கல்லறைக்குப் போனது என் பிள்ளை. தாயார் அங்கேயே, இன்று ஏதோ ஒரு வீட்டுக்குக் கீழே.

பாதிரியார் சின்ன வயதுக்காரர்.

"இத சொல்லாமலே இத்தன வருஷமா பாவசங்கீர்த்தனம் பண்ணி, பூசையில நன்ம வாங்குனீங்களா, அங்கிள்?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவ, முப்பத்திரண்டு பாவசங்கீர்த்தனம் ஃபாதர். எதுவுமே செல்லாதா?"

"எண்ணாதீங்க அங்கிள். கடவுள் மன்னிச்சிட்டாரு. ஆனா அந்தப் பெரியவர்கிட்ட யாரு சொல்றது? அதுக்கும் கடவுளே வரணுமா? நீங்கதான் போகணும்லா. பெரிய வெள்ளிக்கு முன்னாடி போங்க. அதான் உங்களுக்கு அபராதம்."

மூன்று அருள்நிறை மந்திரம் தருவார் என்று எண்ணிப் போனவன் நான்.

எட்டு நாள் தள்ளிப்போட்டேன். இந்த வயதில், இந்த நெஞ்சோடு, பழையதைக் கிளறி அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கதவையே திறக்காவிட்டால்? ஒன்பதாம் நாள் என் மகன் லோபாக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கினான். சிநேகிதன் தங்கியிருந்த அவன் மகள் வீடு இரண்டாம் மாடி. முப்பத்து நான்கு படி.

"வாங்க கிராணியாரே" என்றான் நாற்காலியை விட்டு எழாமல். "படி எத்தன?"

"முப்பத்தி நாலு."

"ஆஸ்பத்திரியில மூணுன்னாங்க, உள்ள ரெண்டுதான் இருக்குன்னு எனக்குச் சந்தேகம். வந்து எண்ணிட்டுப் போங்களேன்."

வீட்டில் ஒத்திகை பார்த்துவந்த ஏழு வாக்கியத்தில் எனக்கு ஒன்றுதான் வந்தது. "மூணாவது வரிசையில பத்துக் குழி. அன்னிக்கு அங்கேயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை நெஞ்சுக்குப் போனது. நான் பயந்துபோய் அவன் மகளைக் கூப்பிட எழுந்தேன்.

"உக்காருங்க. சட்டையில எறும்பு" என்றான். பிறகு, "கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் அந்தப் பொட்டிகிட்ட நான் மெழுகுவத்தி ஏத்துறேனே, யாருக்குன்னு நெனச்சீங்க?"

"உங்க அம்மாவுக்குன்னு..."

"எங்கம்மா அங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீங்க பெத்தது, நீங்க வரல. யாராச்சும் ஏத்தணும்ல."

மன்னித்துவிடு என்று எப்படியோ சொன்னேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"குழி தப்புனது கூடப் பரவால்ல. சனத்துக்கு முன்னாடி குடிகாரன்னு சொன்னீங்க. என் மருமகன் நின்னான் அங்க. சனத்துக்கு முன்னாடி சொன்னத இங்க மாடி ஏறி வந்து காதுல சொன்னா எப்படி?"

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்கள் பங்கு மண்டபத்தில் தேத்தண்ணி குடிப்பது வழக்கம். அன்று பதினோரு பேர். பன்னிரண்டாவதாக அவனை அவன் மகள் கைத்தாங்கலாக அழைத்துவந்து கதவோரம் உட்காரவைத்தாள். குருத்தோலையைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். காலமாகிவிட்ட என் மனைவி இதைக் கேட்க இல்லையே என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே வெட்கமாகவும் இருந்தது.

"கல்லறை எடுத்த அன்னிக்கு இவன் குடிக்கல" என்றேன். "நான்தான் பொய் சொன்னேன். ஒம்போதாவது குழியில இருந்தது என் பிள்ள. இவன் அம்மாவ நான் விட்டுட்டு வந்துட்டேன்."

மூலையிலிருந்து ஒரு கிழவி, "அடப் பாவி மனுசா" என்றாள். அவளுடைய பிள்ளையைத்தான் நான் முன்பு வேலிக்கு வெளியே வைக்கச் சொன்னேன். அதுவும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவள் பிளாஸ்டிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் அப்படி வைக்கச் சொன்ன இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று போர்டிக்சன் ஊர்ப் பக்கம் எங்கோ.

நான் நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு நேரம்டா நிப்ப? தேத்தண்ணி ஆறுது. வா, இங்க வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன். அவன் தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை உடைத்துப் பாதியை என் பக்கம் தள்ளினான்.

"அது பொண்ணா, பையனா?" என்று கேட்டான். "அன்னிக்கு மழையில நான் கேக்கவே இல்ல."

"பொண்ணு" என்றேன்.

"சரி" என்றான். "அந்தக் கிழவி வீடு எனக்குத் தெரியும். நாளைக்குப் பத்து மணிக்கு வா. லேட் பண்ணாத."