பேஜர் பெண்களிடம் ஊர் சொன்ன சேதிகள்

பேஜர் கம்பெனியில் ஃபோன் எடுத்துச் சேதி எழுதும் வேலைக்கு வேண்டிய முதல் தகுதி, எதிர்முனையில் யார் அழுதாலும் ஸ்பெல்லிங் தப்பாமல் டைப் அடிப்பது. பேங்க் கவுன்ட்டரிலும் ஆஸ்பத்திரி வரவேற்பிலும் கரண்ட் ஆபீஸ் புகார் மேஜையிலும் உட்கார்ந்து தேய்ந்தவர்களே, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர்களே, உங்களுக்கு இது புரியும்.

பேஜரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். அதில் பேச முடியாது, பதில் அனுப்ப முடியாது. கீக் கீக் என்று கத்தும், எடுத்துப் பார்த்தால் சின்னக் கண்ணாடியில் இரண்டு வரி ஓடும், அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை அனுப்ப நினைப்பவர் எங்களுக்கு ஃபோன் போட்டு, பேஜர் நம்பரைச் சொல்லி, விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் அந்தத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு அனுப்புவோம். தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில், பம்புசெட் கடை ஒன்றின் மாடியில், காதில் ஹெட்ஃபோனோடு பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். நான் சரவணம்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோருமே காடு தோட்டத்துக் கூலி வேலைக்குப் போனவர்கள். என்ன வேலை என்று முதல் நாள் நான் விலாவாரியாகச் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள்: "ஏங்கண்ணு, ஊரான் ஊட்டுச் சண்டையக் கேக்கறதுக்கா பி.காம். படிச்ச?"

கோவிச்சுக்காம வாங்க

அம்மா சொன்னது இரண்டாவது வாரமே பலித்துவிட்டது. சோமனூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். பின்னால் தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையையும் கத்திச் சொன்னார். அவர் புருஷன் நூல் ஏஜென்ட்; ஏதோ பேச்சு முற்றி வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இடுப்பில் பேஜர் இருக்கிறது, அது மட்டும் தெரியும். "கோவிச்சுக்காம ஊட்டுக்கு வாங்க" என்று போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே சேதி. அதற்கு மறுநாளும். நாலாவது நாளிலிருந்து, வேறு யார் ஃபோனை எடுத்தாலும் என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார்.

"அவரு அதப் பாத்தாருங்களா அம்மணி?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். அனுப்பினோமா என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், பார்த்தாரா என்பது தெரியாது என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். ஒன்பதாவது நாள் வழக்கம்போலத் திருப்பிப் படித்துக் காட்டினேன். கம்பெனியில் சொல்லிக் கொடுத்த குரலில், நிதானமாக, மரியாதையாக, "கோவிச்சுக்காம வீட்டுக்கு வாங்க, சரிங்களா?" என்று. தறிச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, கத்தாமல், முதல் தடவையாகத் தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க சொல்றாப்ல நானும் சொல்லியிருந்தா அவரு போயிருக்கவே மாட்டாருங்க."

பத்தாவது நாள் அவர் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

மாமா போயிட்டார்

என் பக்கத்து நாற்காலி நூர்ஜஹானுடையது. உக்கடத்துக்காரி, எங்கள் எல்லோரையும்விட வேகமாக அடிப்பாள், தப்பே வராது. அவள் கையால் போன சேதிதான் இது. அன்னூரிலிருந்து ஒரு பெண் பதறிக்கொண்டு பேசினார். "மாமா போயிட்டாரு, சீக்கிரம் வாங்க" என்று பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்குப் போடச் சொன்னார். நூர்ஜஹான் போட்டாள்; படித்தும் காட்டினாள். சரிங்க என்று அந்தப் பெண்ணும் வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். தங்கையின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் விஷயமாக வீட்டுக்கு வந்திருந்த தாய்மாமன், மரியாதை போதவில்லை என்று கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அண்ணன் வந்தால் சமாதானம் பண்ணி நிறுத்திவிடலாம் என்று தங்கைக்கு அவசரம். அண்ணனோ சேதியைப் பார்த்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டார். வேலைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு, வழியில் பெரிய மாலை ஒன்றும் வாங்கி, வேனில் அன்னூருக்குப் போனார். பஸ் ஸ்டாப்பில் மாமா நின்றுகொண்டிருந்தார். அவரைக் கடைசியாகப் பார்க்க இறங்கிய கூட்டத்தையும் மாலையையும் அவர் முழுசாகப் பார்த்தார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அந்த மகளுக்கு அதற்கப்புறம் ரெண்டு வருஷம் ஒன்றும் அமையவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். எங்கள் சூப்பர்வைசர் பிரபு சார், அன்று சாயங்காலம் ஃபோனில் விஷயம் தெரிந்ததுமே ஒரு விதி எழுதி ஒட்டினார்: 'போயிட்டார்' என்ற வார்த்தையை இனி யாரும் அடிக்கக் கூடாது, சாவுச் சேதியாக இருந்தாலும் 'உடனே வரவும்' என்று மட்டும் அடிக்க வேண்டும்.

அந்த அண்ணன் மறுநாள் நேரிலேயே மாடியேறி வந்தார். திட்டுவார் என்று நூர்ஜஹான் எழுந்து நின்றுவிட்டாள். அவர் திட்டவில்லை. இரவெல்லாம் தூங்காத கண்ணோடு நின்று, மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, அடுத்த வாட்டி ஆளு நடந்து போனாரா, தூக்கீட்டுப் போனாங்களான்னு ஒரு வார்த்தை சேத்திப் போடுங்க."

காது குத்துற நேரம்

மில் ஒன்றின் எலக்ட்ரீஷியன் ஆறுமுகம் அண்ணனுக்கு மில்லிலேயே பேஜர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கௌரவம்தான், ஆனால் கழுத்தில் கட்டிய மணி மாதிரியும்தான். கரண்ட் போனாலும் கூப்பிடுவார்கள், வந்தாலும் கூப்பிடுவார்கள். ஜெனரேட்டர் புகைந்தால், வோல்டேஜ் இறங்கினால், மோட்டார் ஒன்று முனகினால்கூட மில்லிலிருந்து எங்களுக்கு ஃபோன் வரும்; எங்களிடமிருந்து அவர் இடுப்புக்குப் போகும். அந்த வருஷம் கோடையில் மின்வெட்டு கடுமை. ஒரே நாளில் பதினோரு தடவை நானே அனுப்பியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மில்லிலிருந்து மூன்றாவது தடவையாக "உடனே வா" அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி எங்கள் நம்பருக்குக் கூப்பிட்டார். கோயிலில் குழந்தைக்குக் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தியும் ஆயிற்று. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்கிறது. அப்பனைக் காணோம், வண்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். "குத்தியாச்சு, பாப்பா அளுகுது, அப்பானு கூப்புடுது" என்று அவருக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதை மில்லின் சேதிகளுக்கு நடுவில் அவர் எப்போது படித்தாரோ.

அடுத்த வருஷம் அந்த மில்லை மூடினார்கள். பேஜரைத் திருப்பிக் கொடுக்க ஆறுமுகம் அண்ணனே வந்தார். தூசி தட்டி, துணியில் சுற்றி, அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். ரசீதில் கையெழுத்துப் போட்ட பிறகும் பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை. "கூப்புடும்போதெல்லாம் இதக் கெணத்துல வீசோணும்னு நெனப்பேனுங்க. இப்ப மூணு மாசமா பாக்கறன், கூப்புடறதுக்கே ஆளில்லீங்க."

உடனே வரவும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

செல்வராஜ் என்று ஒரு வாடகைக் கார் டிரைவர். முதலாளி கொடுத்த பேஜர் வைத்திருந்தார். அன்றைக்குத் தாராபுரத்துக்குச் சவாரி போயிருந்தார். மத்தியானம் அவர் மனைவி ஆஸ்பத்திரி வரவேற்பிலிருந்து பேசினார். காய்ச்சலில் சேர்த்திருந்த மகள், நாலு வயசு, இறந்துவிட்டாள். அதை அவர் சொன்னபோது அழவில்லை. பேஜர் நம்பரைக்கூடத் தப்பில்லாமல் சொன்னார். "அவருகிட்டச் சொல்லீராதீங்க. வண்டி ஓட்டீட்டு வரோணும். வரச் சொல்லி மட்டும் போடுங்க." விதியும் அதையேதான் சொன்னது. ஆஸ்பத்திரி பெயரை எழுதி 'உடனே வரவும்' என்று அடித்தேன். ஸ்பெல்லிங் தப்பவில்லை.

பதினைந்து நிமிஷத்தில் எனக்கு ஒரு லைன் வந்தது. பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஃபோன் பூத்திலிருந்து செல்வராஜ். ஆஸ்பத்திரிக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. அதனால் சேதி எழுதியவர்களிடமே கேட்கலாம் என்று எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். "அம்மணி, எம்பட ஊட்டுக்காரி என்னுங்க சொன்னா? கொழந்தை நல்லாருக்குதுங்களா?" என்றார். பக்கத்தில் நூர்ஜஹான் தன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். வண்டியில் இன்னும் ஆட்கள் இருப்பார்கள், இனிமேல்தான் நெரிசலான ரோடு, நான் சொல்லிவிட்டால் ஸ்டீயரிங்கில் அந்தக் கை எப்படி இருக்கும் என்றெல்லாம் அந்த ஒரு நொடியில் ஓடியது. "வரச் சொன்னாங்க, அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். அவர் கொஞ்சம் மூச்சு விட்டார். "சரிங்க, இதா வாரேன்" என்று வைத்துவிட்டார். அன்று மீதி நேரம் நான் பாத்ரூமில்தான் இருந்தேன்.

மாதம் ஒன்று கழித்து செல்வராஜ் ஆபீசுக்கு வந்தார். பேஜருக்கு பேட்டரி மாற்ற வந்தவர், அன்றைக்குத் தன்னிடம் பேசிய பெண் யார் என்று கேட்டிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்கள். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் சாவி. பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். நன்றியாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை: "நீங்க சொல்லாம வுட்டதுல ஒரு மணி நேரம் எனக்கு மவ இருந்தாளுங்க."

சலிச்சு அனுப்பினது

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதில் ஊரில் செல்ஃபோன் பேச்சாகிவிட்டது. முதலில் பெரிய முதலாளிகளிடம், பிறகு அவர்கள் மேனேஜர்களிடம், பிறகு நூல் ஏஜென்ட்களிடம். எங்கள் மாடியில் மணியடிப்பது குறைந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் காத்திருந்த காலம் போய், அடுத்த ஃபோன் வருவதற்குள் நூர்ஜஹான் ஒரு ஸ்வெட்டரின் கையைப் பின்னி முடித்துவிடுவாள். பன்னிரண்டு பேர் எட்டாகி, எட்டு நாலானோம். ஜன்னலோரம் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்த பேஜர்கள் குவிந்தன. ஆஃப் பண்ணாமல் கொடுத்துவிட்டுப் போன ஒன்றிரண்டு எப்போதாவது அந்தப் பெட்டிக்குள் கத்தும். பேஜரைத் திருப்பிக் கொடுத்தது தெரியாமல் யாரோ சொல்ல, எங்களில் ஒருத்தி அடித்து அனுப்பியது. எடுத்துப் படிக்க எங்களுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

ஜவுளி வியாபாரி ஒருவர், ரொம்ப நாள் வாடிக்கையாளர். அவர் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஆகாது. இருவரும் மாறி மாறி எங்களுக்கு ஃபோன் போட்டு அவரைத் திட்டச் சொல்வார்கள். வசவு வார்த்தை அனுப்பக் கூடாது என்பதால் அதையெல்லாம் எடுத்துவிட்டு, 'அம்மா வருத்தமாக இருக்கிறார்', 'வீட்டில் பேச வேண்டும்' என்று அனுப்புவோம். அவரும் பேஜரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கையில் செங்கல் மாதிரி புதுச் செல்ஃபோன். எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டுவைத்தேன். அது அப்போதே மணியடித்தது. எடுக்காமல் அதைப் பார்த்தபடியே சொன்னார்: "அருமையாத்தான் இருக்குதுங்க. ஆனா நீங்க இருந்தப்ப எல்லாத்தையும் சலிச்சு அனுப்புவீங்க. இதுல கல்லோட வருதுங்க."

கடைசி வாரம்

மூடப்போகிறோம் என்று கம்பெனி எங்களிடம் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அந்த வாரம் முழுக்க, மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் சேவை நிற்கப்போகிற சேதியை நாங்களே அடித்து அனுப்பினோம். சிலர் ஃபோன் பண்ணித் திட்டினார்கள். சிலர் எங்களுக்கு வேறு வேலை கிடைத்ததா என்று விசாரித்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஹெட்ஃபோன்களைச் சுருட்டி மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினோம். கீழே பம்புசெட் கடையில் ஒரு விவசாயி மோட்டாருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தாள். உக்கடம் பஸ் வந்து, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்: "வேலை போனாப் போவுதுடி. இத்தன வருசம் கேட்டதையெல்லாம் நாம இப்ப யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

நாலு வருஷமாக ஊரில் பாதிப் பேரை உடனே கிளம்பி வரும்படி எழுதிக் கூப்பிட்டிருக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைச் சொல்கிற மெஷினை மட்டும் எந்தக் கம்பெனியும் எங்களுக்கு வாங்கிக் கொடுக்கவில்லை.