பொழுது சாய்ந்தபின் ஒரு பெரட்டு

இது நடந்தது. யுகேந்திரன் பொய்யே சொல்லாதவன் என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் வறுகடலைக் கடைக்குள் வளர்ந்தவன். நேற்று வறுத்த கடலையை இன்று காலை வறுத்தது என்று சிரித்துக்கொண்டே விற்பான். ஆனால் அதெல்லாம் லாபத்துக்குச் சொல்லும் பொய். இந்த விஷயத்தை வெளியே சொன்னதால் அவனுக்குத் தொழிலே போனது. நஷ்டப்படுவதற்கென்று பொய் சொல்லும் வியாபாரியை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால், மேலே படிக்க வேண்டாம்.

அவன் தொழில் சஃபாரி. இரண்டு ஃபோர்வீல், மூன்று நாள் பயணம். முதல் நாள் வடக்கே பெலும் காடு, ஏரியில் படகு. அடுத்த நாள் ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகள். கடைசி நாள் தெற்கே சுங்காய்ப் பக்கம் காட்டெருமையும் மானும். சிங்கம் எங்கே என்று கேட்பவர்களிடம், "லீவுல போயிருக்கு சார்" என்பான். முன் வண்டியை அவன் ஓட்டுவான், பின் வண்டியை அவன் கூட்டாளி சூசைநாதன். சமையலும் மற்ற எல்லாமும் யுகேந்திரனின் மனைவி கலாதேவி.

கடைசி நாள் நிகழ்ச்சிதான் அவனுடைய தனிச்சரக்கு. சுங்காய்க்கு உள்ளே, ஆள் நடமாட்டம் நின்று பல வருஷமான ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே பழைய பெரட்டுக்களம் இன்னும் இருக்கிறது. பெரட்டு என்றால், விடிவதற்கு முன் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது. 'வந்தாச்சு' என்று குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை. கொடுக்காதவருக்கு இல்லை.

யுகேந்திரன் தொப்பியை மாட்டிக்கொண்டு, கிராணியாக ஆபீஸ் படியில் நிற்பான். வாய்க்கு வந்த பெயர்களைக் கூப்பிடுவான். ரப்பர் பால் சேர்க்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கலாதேவி, பெயருக்கு ஒரு குரலில் பதில் சொல்வாள். ஆண் குரல் அவளுக்கு வராது. தவளை கத்துவது போல இருக்கும். அதற்குத்தான் சிரிப்பு அதிகம். சின்னையா என்ற பெயருக்கு மட்டும் பதிலே வராது. "தண்ணியப் போட்டுப் படுத்துட்டானா?" என்று கிராணி கத்துவார். கடைசியில் "கலாதேவி!" என்றதும் அவள் தலையில் துணி கட்டி, வாளியோடு ஓடி வருவாள். எல்லோரும் படம் எடுப்பார்கள். தேநீர் வரும். முடிந்தது.

எப்போதும் விடியற்காலையில்தான் நடத்துவான். அந்த முறை மழை கெடுத்தது. பாதையில் மரம் விழுந்து, அதை அறுத்துத் தள்ளி, தோட்டத்து வாசலுக்கு வந்து சேரும்போது மாலை ஏழு மணி. பின் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு சூசைநாதன் நடந்து வந்தான்.

"பொழுது போயிருச்சு மச்சான். இந்நேரத்துல யாராச்சும் பெரட்டு எடுப்பாங்களா? எங்கப்பா இருந்தா செருப்பாலயே அடிப்பாரு."

"நாளைக்கு எடுத்துக்கலாம்லா" என்று யுகேந்திரனும் சொல்லத்தான் வந்தான். அதற்குள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த கென்னத் முந்திக்கொண்டார்.

"ப்ரோஷர்ல போட்டிருக்குலா. பெரட்டு இல்லன்னா டிஸ்கவுண்ட்."

"சும்மா இருங்க," என்றார் அவர் மனைவி எல்ஸி. "குகையிலயும் இதத்தான் கேட்டீங்க."

"கேட்டாதான் குடுப்பாங்க. நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

டிஸ்கவுண்ட் என்ற சொல் விழுந்த காதில் யுகேந்திரனுக்கு வேறெதுவும் ஏறாது. தொப்பியை எடுத்தான். கலா எங்கே என்று கேட்கவில்லை. அவளாகவே போய் ஒளிந்துகொள்வதுதான் வழக்கம்.

ஏழு பத்து. மழை விட்டிருந்தது. மரங்களுக்கு இடையில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பூச்சிச் சத்தம் காதை அடைத்தது.

"ராக்காயி!"

பூச்சிகள் சட்டென்று நின்றன.

"வந்தாச்சு ஐயா."

கிழவிக் குரல். பல் இல்லாத வாயிலிருந்து வருவது போல. யுகேந்திரனுக்கே சிரிப்பு வந்தது. நல்லா பண்றாளே...

"பத்துமலை!"

முதலில் ஓர் இருமல். நெஞ்சில் சளி கட்டிய இருமல். பிறகு, "வந்தாச்சு ஐயா."

ஆண் குரல். தவளை இல்லை. ஆண் குரலேதான்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஸ்பீக்கர ஒளிச்சு வச்சிருக்கான்," கென்னத் மெதுவாகச் சொன்னார். "நல்ல சரக்கு. எந்த பிராண்டு தம்பி?"

யுகேந்திரன் அடுத்த பெயருக்குப் போனான். "சின்னையா!" என்று கூப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் திட்டுவதற்கு வாயைத் திறந்தான்.

"வந்தாச்சு... ஐயா."

கொட்டகைப் பக்கமிருந்து அல்ல. அவன் நின்ற படிக்குக் கீழேயிருந்து.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எத்தனையோ முறை நடத்திய நிகழ்ச்சி, நாக்கு பழகிப்போயிருந்தது. மூளை வேண்டாம் என்பதற்குள் வாய் கூப்பிட்டுவிட்டது.

"கலாதேவி!"

"வந்தாச்சு ஐயா."

இளம்பெண் குரல். அவன் மனைவியின் குரல் இல்லை. வாளியோடு யாரும் ஓடி வரவில்லை.

பிறகு அந்தச் சத்தம்.

டங்... டங்... டங்...

ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் சத்தம். ஒரு மரம், அடுத்த மரம், அடுத்த மரம் என்று வரிசையாக உள்ளே போனது. அந்த மரங்களில் மங்கு கட்டிப் பல வருஷம் ஆகிறது.

எல்ஸி இரண்டு முறை கை தட்டினார். வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

யுகேந்திரன் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். காலியாக இருந்தது. வாசலுக்கு ஓடினான். பின் வண்டியின் முன் இருக்கையில் கலாதேவி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் தைல வாசனை.

"தலவலின்னு மரம் அறுக்கும்போதே படுத்துட்டாங்க," பின்னாலேயே ஓடி வந்த சூசைநாதன் சொன்னான். "வண்டிய விட்டு எறங்கவே இல்லடா."

"கலா..."

அவள் அசையவில்லை.

மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது. "வந்தாச்சு ஐயா."

சூசைநாதன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

தோளைத் தொட்டு உலுக்கியதும் கண் விழித்தாள். "என்னங்க?" அவளுடைய குரல்தான். யுகேந்திரனுக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் அவள் விரல்களைப் பார்த்தான். இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. அவள் அதை உரித்தாள். நூல் போல நீண்டது.

ரப்பர் பால்.

"கலா, கையில என்ன இது?"

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். "யாரக் கூப்புடுறீங்க?"

"வந்தாச்சு ஐயா." இந்த முறை சற்று அருகில்.

அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு, எட்டு மணிக்குச் சுங்காய்ச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். குழல் விளக்கு, தொலைக்காட்சி, பொரித்த மீன், சத்தம். பயம் போய்விட வேண்டிய இடம்.

கலாதேவி சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடும்மா," என்றார் எல்ஸி. "மூணு நாளா உன் கை சோறுதான் சாப்பிடுறோம். ஒம் பேரக்கூட கேக்கல. பேரு என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். கண்ணில் நீர் முட்டியது.

எல்ஸி அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு யுகேந்திரன் பக்கம் திரும்பினார். "தம்பி... இந்தப் பொண்ணு கை ஐஸ் மாதிரி இருக்குப்பா."

கலாதேவி எழுந்தாள். "நேரமாச்சுங்க. பால் எடுக்கணும்."

நடக்கத் தொடங்கினாள். சாலைக்கு. தோட்டம் இருக்கும் பக்கம். யுகேந்திரன் இடுப்பைக் கட்டிப் பிடித்தும் நிற்கவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். நாற்பத்தைந்து கிலோகூட இல்லாதவள்.

அவனுக்கு அப்போது ஒன்றே ஒன்று புரிந்தது. இவளுடைய பெயருக்கு வேறு யாரோ குரல் கொடுத்துவிட்டார்கள். பெயர் உள்ளே வேலைக்குப் போய்விட்டது. விட்டால் ஆளும் போய்விடும்.

விருந்தாளிகளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, மூவருமாகத் திரும்பினார்கள். சூசைநாதன் பின் இருக்கையில் கலாதேவியை இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் வாய் இடைவிடாமல் ஜெபம் சொன்னது. அவள் கதவைப் பிறாண்டிக்கொண்டே வந்தாள்.

எட்டு நாற்பது. பெரட்டுக்களம். வண்டி விளக்கு படியில் விழுந்தது.

யுகேந்திரன் படியேறி நின்றான். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை பேரம். அதையே செய்தான்.

"தெரியாம கூப்புட்டுட்டேன். எம் பொண்டாட்டி பேரக் குடுத்துரு. ஒனக்கு என்ன வேணும்? கோழி அறுக்கட்டுமா? சாராயம் வைக்கட்டுமா? பூச போடட்டுமா? சொல்லு..."

டங்... டங்...

"இன்னும் மேல போட்டுத் தாரேன். கேளு."

டங்.

எதிராளிக்கு நம்மிடம் ஏதாவது ஆசை இருந்தால்தான் பேரம் படியும். அங்கே இருந்ததற்குக் கோழி வேண்டாம், சாராயம் வேண்டாம். வேலை கிடைத்துவிட்டது. அது போதும்.

வண்டிக்குள் கலாதேவியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "பால்... எடுக்கணும்..."

"மச்சான்!" சூசைநாதன் அலறினான். "சீக்கிரம்! என்னால புடிக்க முடியல!"

அப்போதுதான் அவனுக்கு ஒன்று தோன்றியது. கூப்பிடுவதற்குக் கிராணிக்கு அதிகாரம் இருந்தால், விரட்டுவதற்கும் இருக்கும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரு சொல் உண்டு. அதைக் கேட்டால் முரட்டு ஆளும் காலில் விழுவான். அன்று மாலைக்குள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகுட்டியோடு தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்.

தொப்பி இல்லை. வெறுந்தலையோடு, கிராணியின் குரலில் கத்தினான்.

"கலாதேவி! பேரு வெட்டியாச்சு!"

மங்குச் சத்தம் நின்றது.

"வேல கெடையாது! தோட்டத்த விட்டு வெளிய போ!"





பிறகு, மிக அருகில், அழுகை.

சின்னப் பெண்ணின் அழுகை.

"ஐயா... நான் எங்க போவேன் ஐயா..."

அவன் ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். வண்டியைக் கிளப்பினான்.

பெரிய சாலை வந்ததும், பின் இருக்கையில் கலாதேவி சோம்பல் முறித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"தலவலி போயிருச்சுங்க. பசிக்குது. எங்க இருக்கோம்? சூச அண்ணே ஏன் அழுறாரு?"

யுகேந்திரன் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டான். வெட்டிய பெயர். அதை இனி அவளுக்கு வைக்கும் தைரியம் அவனுக்கு இல்லை. "மயிலு," என்றான். அவளும் "ம்?" என்று திரும்பினாள். அன்றிலிருந்து மயிலுதான்.

வண்டிகளை விற்றான். அவன் நடந்ததைச் சொல்ல, கென்னத் ஊருக்குப் போய் அதைப் பரப்பியதில், விற்காவிட்டாலும் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். ஆயர் தாவாரில் ஒரு கடை வீடு பிடித்து, முன்னால் மளிகை போட்டுக் குடி போனார்கள். யாருக்கும் அவளுடைய பழைய பெயர் தெரியாது. அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மயிலு நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், வியாபாரத்தில் அவனையே மிஞ்சினாள்.

ஒரு காலை, பக்கத்து வீட்டு தினேஸ்வரி கடைக்குச் சீனி வாங்க வந்தாள். விடியற்காலை வேலைக்குப் போகிறவள். சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்:

"ஏண்ணே, அந்தப் பொண்ணு பாவம்ணே. வேலைக்கு வச்சுக்க இஷ்டமில்லன்னா, இல்லன்னாவது சொல்லிருங்க."

"எந்தப் பொண்ணு?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. தெனம் விடியறதுக்கு முன்ன வாளியத் தூக்கிக்கிட்டு ஒங்க வாசல்ல வந்து நிக்குதுலா. நீங்க குடி வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். மழையில கூட நிக்குது. இன்னிக்கு மனசு கேக்காம, ஏம்மா, கதவத் தட்ட வேண்டியதுதானன்னு கேட்டேன்."

யுகேந்திரன் கையிலிருந்த சீனிப் பொட்டலம் நழுவியது.

"தட்டக் கூடாதாம். ஐயாவே கூப்புடுவாருன்னு சொல்லுது. பேரு என்னமோ... ஆங், கலாதேவி."