சாவியக் குடுத்துட்டுப் பேசு

வெர்னாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவள் வாய் சரியில்லை என்பதுதான். அடுத்துச் சொல்வது, இந்தக் கணவாயில் லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுகிறவர்களில் அவளைப் போல் சுத்தமாக மாட்டுகிற ஆள் கிடையாது என்பது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

சாக்ரமென்டோவிலிருந்து ரீனோவுக்குப் போகிற நெடுஞ்சாலை மலையேறும் இடத்தில், பனி கொட்டினால், சக்கரம் வழுக்காமலிருக்க 'சங்கிலி கட்டாயம்' என்று பலகை எரியும். லாரிகள் ஓரமாக வரிசை கட்டும். பாதி டிரைவர்கள் தாங்களே மாட்டிக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு முட்டி மடங்காது, அல்லது சேற்றில் படுக்க மனசு வராது. அவர்களுக்காகத்தான் நாங்கள். நெஞ்சில் நம்பர் போட்ட மஞ்சள் மேல்சட்டையும் முழங்காலில் ரப்பர் பட்டையுமாகக் குளிர்காலம் முழுக்க இந்த ஓரத்தில்தான் கிடப்போம். கோடை வந்தால் ஆளுக்கொரு பிழைப்பு. நான் கூரை மாற்றுவேன். வெர்னா கோல்ஃபாக்ஸ் பக்கம் ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் கூலியாட்களை மேய்ப்பாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போர்த்தி, உள்பக்கக் கொக்கியை மாட்ட வேண்டுமானால் பாதி உடம்பை வண்டிக்கடியில் நுழைத்தாக வேண்டும். அது முடிந்து வெளியே வந்ததும், லாரியின் டீசல் தொட்டியில் கையால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு என்றால் 'கொஞ்சம் முன்னே நகர்த்து' என்று பொருள். ஒரு தட்டு என்றால் 'நிறுத்து'. இந்தச் சாலையில் ஓடுகிற எல்லா டிரைவருக்கும் இது தெரியும்.

வெர்னா மட்டும் தட்ட மாட்டாள். அவள் அடியில் போவதற்கு முன்னால் டிரைவர் இஞ்சினை அணைத்து, சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும். நகர்த்த வேண்டிய நேரம் வந்தால் எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டி, சாவியைத் திருப்பிக் கொடுப்பாள். இதனால் அவளுக்கு இரட்டை வேலை. டிரைவர்களுக்கு எரிச்சல்.

யூபா சிட்டியிலிருந்து வரும் பல்ஜீத் ஒவ்வொரு தடவையும் அவளிடம் மல்லுக்கு நிற்பான்.

"அக்கா, இஞ்சின ஆஃப் பண்ணா உள்ள ஐஸ்பெட்டி ஆயிடும்கா. பிரேக் போட்டிருக்கேன், நல்லா பாருங்க."

"நீ போட்டது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா? சாவியக் குடுத்துட்டுப் பேசு."

"என் வீட்டுக்காரி கூட என்னை இவ்ளோ சந்தேகப்பட மாட்டா."

"அவ உன் வண்டிக்கடியில படுக்கறதில்லயே."

பல்ஜீத் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டே சாவியைக் கொடுப்பான். திட்டிக்கொண்டே கொடுத்தாலும், மறுபடியும் அவளிடம்தான் வந்து நிற்பான்.

வெர்னாவின் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அது போன கதை இந்த ஓரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அவள் புருஷன் டுவேனும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். வயோமிங்கில் ஒரு மலைமேல் பனியில் வண்டியை ஓரம் கட்டியது வெர்னா. சங்கிலி மாட்ட இறங்கியதும் அவள்தான். பின்னால் படுத்திருந்த டுவேன் எழுந்து வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தான். அவள் அடியில் இருந்தபோது வண்டி நகர்ந்து கையின் மேல் ஏறியது. டுவேன் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னது இது: "அவ பிரேக் இழுக்க மறந்துட்டா. வண்டி தானா சறுக்குச்சு. நான்தான் பிரேக்க இழுத்து நிறுத்தினேன். இல்லன்னா ஆளே போயிருப்பா."

கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பியது. அவன் மனைவியைக் காப்பாற்றிய மகராசன் ஆனான். வெர்னா, "நான் இழுத்தேன். பிரேக்க விட்டா வர்ற காத்துச் சத்தம் கேட்டுச்சு, நீதான் விட்ட" என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். "பனிக்காத்துல என்னத்தக் கேட்ட?" என்றான் அவன். கல்யாணம் முறிந்தது. காலப்போக்கில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தடவை என்னிடமே கேட்டாள், "இழுத்தமா இல்லயான்னு ஒரு ஆளுக்கு மறந்துபோகுமா, ஓரின்?" எனக்கென்ன தெரியும்? நான் அங்கேயா இருந்தேன்?

இதில் எல்லாவற்றையும் விட அவளை அறுத்தது மகள் கோரின் விஷயம். கோரினுக்கு வலிப்பு வரும், அதனால் வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. ரீனோவில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பார்க்கிறவள், முன்பின் தெரியாத வாடகைக் கார்க்காரன், யார் வண்டியில் வேண்டுமானாலும் ஏறுவாள். அம்மா வண்டியில் மட்டும் ஏற மாட்டாள். "பிரேக் போட மறக்கற ஆளு கூட நான் எப்படிம்மா வரது? அப்பா இல்லன்னா நீ செத்திருப்ப" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டு.

டுவேன் இந்தக் கணவாய்ப் பக்கம் வருவதே இல்லை. தெற்கே சுற்றிப் போகிற வழியைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வான் என்று கேள்வி. போன பிப்ரவரியில் தெற்கு வழியைப் புயலில் மூடிவிட்டார்கள். மதிய நேரம், பனி கண்ணில் வந்து அறைகிறது. வரிசையில் ஒரு நீல நிற லாரி வந்து நின்றது. தோள்பட்டையில் அறுவை சிகிச்சை செய்த ஆள் மாதிரி ஒரு கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு ஒருவன் இறங்கினான். நான் அவனைப் பார்த்ததே இல்லை. வெர்னா முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அது டுவேன் என்று தெரிந்துகொண்டேன்.

"நான் பாத்துக்கறேன், நீ அடுத்த வண்டிக்குப் போ," என்றேன்.

"என் முறை," என்றாள். அப்படியே நடந்து அவனிடம் போனாள்.

டுவேன் அவளுடைய இடது கையைப் பார்த்தான். பிறகு, "நல்லா இருக்கியா?" என்றான்.

"சாவியக் குடு."

"என்னது?"

"வண்டிக்கடியில போகணும்னா எனக்குச் சாவி வேணும். இங்க யார வேணா கேளு."

அவன் சிரித்தான். "நீ பிரேக் இழுக்க மறந்ததுக்கு ஊர்ல இருக்கற டிரைவரெல்லாம் சாவி குடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்."

"குடுக்கறதுல உனக்கு என்ன நஷ்டம்?"

"குடுத்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் வெர்னா. குடுக்க மாட்டேன்."

பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று வண்டி தள்ளி நின்ற பல்ஜீத் இறங்கி வந்து, "அண்ணே, குடுத்துத் தொலைங்கண்ணே, நாங்கல்லாம் குடுக்கலயா?" என்றான். டுவேன் அவனை முறைத்தான். "நானே மாட்டிக்கறேன், போங்கடா" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியை இழுத்தான். ஒற்றைக் கையால் அது நடக்கிற வேலையா? இரண்டு தடவை சரிந்து விழுந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் போய்ப் போர்த்திவிட்டேன். "போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று என்னை விலக்கினான். உள்கொக்கியை மாட்ட, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சக்கரத்துக்கு முன்னால் தலையை விட்டுப் படுத்தான். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

வெர்னா சுற்றி நடந்து போய், கேபின் படியில் ஏறி, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

கதவுச் சத்தம் கேட்டதும் அடியிலிருந்து ஒரு அலறல். "வெர்னா! எறங்கு! எறங்குடி! கை வைக்காத! அத அழுத்தாத!" சரியில்லாத தோளையும் ஊன்றிக்கொண்டு அவன் வெளியே உருண்டு வந்தான். முகமெல்லாம் சேறு. எழுந்து நிற்கக்கூட முடியாமல் மூச்சு வாங்கினான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மனுஷன் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

இஞ்சின் அணைந்தது. வெர்னா கண்ணாடியை இறக்கினாள்.

"எத அழுத்தாத?"

அவன் முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்தான்.

"பிரேக்கு இழுத்துதான இருக்கு? மலையில வண்டி தானா சறுக்கும்னு நீதான சொன்ன. சறுக்கற வண்டிக்கு நான் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? எத அழுத்திடுவேன்னு பயந்த, டுவேன்?"

"மஞ்சள் குமிழ," என்றான்.

மஞ்சள் குமிழை இழுத்தால் பிரேக் பிடிக்கும், அழுத்தினால் விடும். இது தெரியாத லாரிக்காரன் இல்லை. அன்றைக்கு அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இவன் மட்டும்தான். பல்ஜீத் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

டுவேன் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு தட்டு கேட்டுச்சு. நீதான் தட்டுனன்னு நெனச்சேன். அழுத்தினேன். அப்புறம் பாத்தா டிரெய்லர் மேல இருந்து பனிக்கட்டி விழுந்து கெடக்குது. அந்தச் சத்தம்தான்."

"அத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா என் லைசென்ஸ் போயிருக்கும். உனக்கு எப்படியும் கை போச்சு, இனி ஓட்ட முடியாதுன்னு..."

இந்த ஆளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாமா என்று எனக்கு வந்தது. வெர்னா கையோங்கவும் இல்லை, கத்தவும் இல்லை. சாவியோடு இறங்கினாள். சங்கிலியை மாட்டினாள், எப்போதும் போலத்தான், ஒரு கண்ணி கூடத் தொங்காமல். நகர்த்த வேண்டிய நேரம் வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் போகாமல் நேராக அவனிடம் வந்தாள்.

"கோரினுக்குப் போன் போடு."

"இப்பவா?"

"என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு. அப்புறம் சாவி."

"அவ வேலையில இருப்பா."

"கூப்பிடுவாங்க."

அவன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டான். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் மகள், "என்னப்பா?" என்றாள். டுவேன் திக்கித் திக்கிச் சொன்னான். பாதியில் இரைச்சல் குறைந்தது. அந்தப் பெண் எங்கோ ஒதுக்குப்புறமாகப் போயிருக்க வேண்டும். அவன் சொல்லி முடித்தான். அப்புறம், "அம்மா அங்க இருக்காளா?" என்றாள்.

வெர்னா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். சாவியை அவன் மடியில் போட்டுவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"நான் இழுத்திருந்தேன்டி," என்றாள். "நான்தான் இழுத்தேன்." பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையில் ஒரு தடவை, "அழாத, வேலைக்கு நடுவுல எதுக்கு அழற?" என்று அதட்டினாள், தானும் அழுதுகொண்டே. கடைசியில் மெதுவாக, கடன் கேட்கிறவள் மாதிரித் தயங்கி, "நாளைக்குக் காலையில உன்ன வேலைக்குக் கூட்டிட்டுப் போக நான் வரட்டுமா?" என்றாள்.

போனை டுவேனிடம் கொடுத்தாள். அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்க நிற்கவில்லை. வண்டி கிளம்பிப் போனதும் நான் கிட்டே போனேன். எனக்கும் பொறுக்க முடியவில்லை, அந்தப் பெண் வருவாளா மாட்டாளா?

"என்ன சொன்னா?"

வெர்னா கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு வாசல்ல நிப்பாளாம்."