வாலை மட்டும் மாற்றினேன்

வடக்கே, மராத்தி பேசும் சாகணில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர்க்காரர்கள் சிலரோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன். மனைவி செய்யாறு பக்கம் ஊரில் இருந்தாள். அத்தனை பேர் முன்னால் அவளோடு போனில் பேச எனக்கு வெட்கம். "ம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால் அவள், பேச வேண்டியதையெல்லாம் பட்டன் போனில் பதிவு செய்து, மெமரி கார்டை இங்கே வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். நான் இயர்போன் மாட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்பேன்.

பிறகு அவளும் மகளும் இங்கேயே வந்துவிட்டார்கள். போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் கரகரத்துப் போனது, திரும்பவில்லை. "என் பழைய குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு" என்றாள் ஒருநாள். நான் கார்டைத் தேடி எடுத்தேன்.

புதுப் போனில் போட்டதும் பதிவுகளின் பெயர்கள் தெரிந்தன, எதுவும் ஓடவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும். ஓடுகிற பாட்டுகள் எல்லாம் எம்.பி.3 என்று முடிந்தன. இவள் பேச்சுகள் ஏ.எம்.ஆர். என்று முடிந்தன. கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் தவறாக இருந்தால், கிழித்துவிட்டுச் சரியானதை ஒட்டுவோம், லாரியில் ஏறிவிடும். அதே மாதிரி எல்லாப் பெயர்களுக்கும் வாலை எம்.பி.3 என்று மாற்றினேன். அப்போதும் ஓடவில்லை. பழைய போனிலோ சார்ஜே ஏறவில்லை. இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து கார்டைக் கழற்றி வைத்தேன்.

மகளுக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கார்டை அவளிடம் நீட்டினேன்.

"அரே பப்பா, நீங்க பேரு மட்டும் சேஞ்ச் பண்ணீங்க. உள்ள சேம்தான் இருக்கு."

"அழியலையே?"

"நஹி, அழியல. இதை வேற மாதிரி எழுதணும், அவ்ளோதான். பழசும் இருக்கும்."

"உங்கம்மா நடுவுல இருமுவாளே, அது?"

"அதுவும் வரும்."

பழைய வாலையே திரும்ப வைத்து, லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினாள். பச்சைக் கோடு ஒன்று ஓடி முடிந்தது. நான் இரவெல்லாம் கேட்ட பேச்சு, கண் இமைப்பதற்குள் மாறிவிட்டது. காதில் வாங்காமலே லேப்டாப் எப்படி எழுதியது என்று கேட்டேன். மகள் யோசித்தாள். அவளுக்கும் தமிழில் சொல்ல வரவில்லை.

ஒன்றை ஓடவிட்டாள். மெல்லிய, தெளிவான குரல். "ஏங்க, நேத்து நல்ல மழை. நீங்க எதுக்கும் ம்னு சொல்லி வெச்சிடறீங்க. இதுக்காவது சொல்லுங்க. அங்க வந்தா எனக்குப் பேச ஆள் இருக்குமா?"

மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவை போடு" என்றாள். அதுவும் முடிந்தது.

"எவ்ளோ வாய் எனக்கு" என்றாள் கரகரவென்று. "இதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் வரல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னென்னவோ சொல்ல நினைத்தேன். "ம்" என்றேன்.

"பாத்தியா," என்றாள் மகளிடம், "உங்கப்பா குரல் மட்டும் அப்படியே இருக்கு."