எண்பத்தொரு விசில்

வலது கையில் பென்சில். இடது கைக் கட்டைவிரல் ரிமோட்டின் மேல். திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் சட்டென்று உறைந்தது. விரல் அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மெதுவாக முன்னால் விட்டது. கருஞ்சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் எதிராளியின் இடுப்பைப் பிடிக்கப் பாய்ந்து, அரை நொடி பிந்தி, கழுத்தைப் பிடித்தான். மறுபடியும் நிறுத்தம். பென்சில் கோடு போட்ட தாளில் இறங்கியது: 'நான்காம் பாகம், பதினோராம் நிமிடம். தோளுக்கு மேல் பிடி, விதிப்படி தப்பு. அம்பயர் சரி.'

தொலைக்காட்சியில் ஒலி இல்லை. வர்ணனைக்காரர்கள் பேசினால் கண் அவர்கள் சொல்கிற பக்கம் சாய்ந்துவிடும் என்று அதை அணைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெர்ரிபி என்ற புறநகரில் இருந்த அந்தச் சின்ன வீட்டில், ஃப்ரிட்ஜ் முனகுவதைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

க்ளெனிஸ் ஹாரப்புக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தோரு வருடம் காலுறை ஆலையில் குறை பார்க்கும் மேசையில் உட்கார்ந்தவள். காலுறையை விளக்குக்கு மேல் இழுத்துப் பிடித்து, நழுவிய கண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாருடைய எந்திரத்திலிருந்து வந்தது என்று பார்க்கக் கூடாது. ஆலையை மூடிய பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. புதிதாக அம்பயர் ஆகிறவர்கள் படிக்கும் விதிப்புத்தகத்தை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கத் தானாகவே படித்தாள். கையாலும் பிடித்து, நாலு பாகமாக ஆடும் அந்த ஊர்க் கால்பந்தில் அவளுடைய அணி கருஞ்சிவப்புச் சட்டை போட்ட போர்ட்டர்ஸ். அவர்களின் ஒவ்வொரு ஆட்டத்தையும் மைதானத்தில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை பார்த்தாள்.

பெர்த்தில் இருக்கும் தம்பி கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான். அடுத்த வீட்டுக்காரர்கள் கையசைப்பார்கள். வாரத்தில் அவளை யாராவது 'க்ளென்' என்று கூப்பிடுவது இரண்டு இடங்களில்தான்: சனிக்கிழமை மைதானத்தில், புதன்கிழமை சாயங்காலம் ரசிகர் படை கூடும் கூடத்தில்.

இந்தப் பருவத்தில் நாலு ஆட்டம் முடிந்திருந்தது. ஒன்றில் ஜெயம், மூன்றில் தோல்வி. மூன்றுக்கும் அம்பயர்களே காரணம் என்பதில் ரசிகர் படைக்குச் சந்தேகம் இல்லை. படை உட்காருவது கோல் கம்பங்களுக்குப் பின்னால். அங்கிருந்து மறுகோடியில் நடப்பது எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். ஆனாலும் நம்மவன் எவனையாவது பிடித்த மாத்திரத்தில் முப்பத்தெட்டுத் தொண்டையும் ஒன்றாக "பந்து!" என்று அலறும். பந்தை விடாமல் மாட்டிக்கொண்டான், ஃப்ரீ கிக் கொடு என்று அர்த்தம். அவனுக்கு விட நேரம் இருந்ததா, பந்து அவனிடம் இருந்ததா என்பதெல்லாம் அலறி முடித்த பிறகுதான்.

முதல் நாலு ஆட்டத்தைப் பற்றி ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதித் தரும்படி கிளப் கேட்டிருந்தது. படையின் தலைவன் கெல்வின் ட்ரூரி அந்த வேலையை க்ளெனிஸிடம் கொடுத்தான். "நீதான் எல்லாத்தையும் குறிச்சு வைக்கிறவ. நீயே எழுதிடு," என்றான். ஆலைக்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ரயிலில் வீடு திரும்பும்போது அதை இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை கூடத்தின் தரை முழுக்கக் கருஞ்சிவப்புக் காகிதம் விரிந்து கிடந்தது. ஆட்டக்காரர்கள் கிழித்துக்கொண்டு ஓடிவரும் காகிதத் திரை. முட்டி போட்டுக்கொண்டு எல்லோரும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கணக்கு முடிஞ்சுதா க்ளென்?" என்றான் கெல்வின். "நமக்கு எதிரா எத்தன விசில்?"

"எண்பத்தொண்ணு."

"அடேங்கப்பா! அதுல எத்தன அநியாயம்?"

"ஒம்பது."

"ஒரு ஆட்டத்துக்கா?"

"நாலுக்கும் சேத்து. ஆறு சரியாத் தெரியல, கேமராவுல மறைஞ்சிருச்சு. மிச்சம் அறுபத்தாறும் சரிதான் கெல்."

டேப் கிழிக்கும் சத்தம் நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த ரேலீன் நிமிர்ந்தாள். பதினாலு வருடமாக மைதானத்தில் க்ளெனிஸுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. "ஏண்டி, அந்த விசிலுக்காரன் உனக்கு என்ன, அத்த புள்ளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "நமக்குக் குடுத்ததுல பதினொண்ணு தப்பு. அதையும் எழுதிருக்கேன்."

"அத எதுக்குத் தாயே எழுதுன?" என்றான் கெல்வின். "நமக்குக் கெடைச்சத யாரு கேட்டா?"

"நாலு ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னுதானே கேட்டாங்க. நம்ம பசங்க கடைசி பாகத்துல கால் தளந்து போறாங்க. ஒரு எட்டு பிந்திப் போயி கழுத்தப் புடிக்கிறாங்க. எண்பத்தொண்ணுல முப்பத்திநாலு கடைசி பாகத்துல வந்தது. கோச்சு பாக்க வேண்டியது அதத்தான்."

"கோச்சுக்குப் பாடம் எடுக்கப் போறாளாம்," என்றாள் ரேலீன். "மூணாவது ஆட்டத்துல, அந்தக் கோடியில, அவன் பந்த அமுக்கிக்கிட்டுக் கெடந்தானே, அத என்ன சொல்ற? நீயும்தானே என் காது கிழியக் கத்துன!"

"கத்துனேன். வீட்டுல போட்டுப் பாத்தேன். பந்து அவன் கையிலயே இல்ல, நம்மாளு முட்டிக்கு அடியில கெடந்துச்சு. அதையும் எழுதிட்டேன். 'நானும் கத்தினேன், அம்பயர் சரி'ன்னு."

கெல்வின் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினான். கெட்டவன் இல்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவன். "இதப் பாரு க்ளென். மத்த பக்கத்தயெல்லாம் எடுத்துடு. அந்த ஒம்பத மட்டும் குடுப்போம். அதுவும் உண்மதானே?"

அதுவும் உண்மைதான். அவள் டேப் சுருளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஆலையிலும் ஒருமுறை மேஸ்திரி இப்படித்தான் கேட்டார், நல்ல காலுறையை மட்டும் மேலே வைத்துக் கட்டு என்று.

"முடியாது கெல்."

"இது உன் ஒருத்தி பேரு இல்ல, முப்பத்தெட்டு பேரோட பேரு. இப்படிக் குடுத்தா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?"

அவர்கள் பேரில் அவர்கள் நம்பாததைக் கொடுப்பதும் சரியில்லைதான்.

"அப்ப என் பேர்ல குடுக்கறேன்," என்றாள்.

"குடுத்துக்க," என்றான் கெல்வின். அதன்பிறகு டேப் கேட்டவர்கள் அவளைத் தாண்டி அடுத்தவரிடம் கேட்டார்கள்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மைதானத்துக்குப் போனாள். காகிதத் திரையைத் தூக்கிப் பிடிக்கும் இடது கயிறு எப்போதும் அவளுடையது. அதை இன்று ரேலீன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். "காத்து பலமா இருக்கு க்ளென், உனக்கு எதுக்குச் சிரமம்," என்றாள் முகத்தைப் பார்க்காமல். கொடி ஒன்றுகூட அசையவில்லை. இருக்கையில், ரேலீனின் கழுத்துத்துணி விரித்திருந்த இடத்துக்கும் அவள் இடத்துக்கும் நடுவே யாரோ ஒரு பை வைத்திருந்தார்கள். நகர்த்தச் சொல்லிக் கேட்கலாம். பைக்காரர் வந்து நகர்த்துவார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

பிறகு படியேறி மூன்றாம் வாசலுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டாள்.

கிளப்பில் ரசிகர் விவகாரம் பார்க்கும் டீனா கராஸ் வாசலில் நின்று உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். க்ளெனிஸ் உறையிலிருந்து தாள்களை எடுத்தாள். ஆறு தாள், இரண்டு பக்கமும் நெருக்கமான பென்சில் எழுத்து. மேலே இருந்த 'ரசிகர் படையின் அறிக்கை' என்ற வரியை அழித்த தடம் இன்னும் தெரிந்தது. அதன் மேல் அவள் பெயர் மட்டும்.

"படையோடதா?" என்றாள் டீனா.

"இல்லம்மா. என்னோடது."

டீனா விரல்களைக் காற்சட்டையில் துடைத்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். க்ளெனிஸ் ஓரங்களைத் தட்டிச் சேர்த்து, பக்க எண்களை ஒருமுறை சரிபார்த்து, தாள்களை அவள் கையில் கொடுத்தாள்.