கிரான்பர்னில் கேட்ட ஒரே ஒரு ஹதீஸ்

காலை ஐந்தரைக்கு ஹோம்புஷில் ரயில் ஏறினேன். சென்ட்ரலில் மாறி விமான நிலையம்; அங்கிருந்து மெல்பர்னுக்கு ஒன்றரை மணி நேரம். போக வர டிக்கெட் நூற்றெழுபது டாலர். இத்தனையும் ஒரே ஒரு ஹதீஸை, ஒரு நபிமொழியைக் காதால் கேட்பதற்காக.

"போன்ல கேட்டா ஆகாதாங்க?" என்று மனைவி கேட்டாள்.

ஆகாது. சொல்பவர் வாயிலிருந்து நேரில் கேட்க வேண்டும். அவர் யாரிடம் கேட்டார், அந்த மனிதர் யாரிடம் கேட்டார் என்று நபி வரைக்கும் பெயர்களைக் கோத்துக்கொண்டே போகும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சங்கிலியில் நானும் ஒரு கண்ணியாக வேண்டும் என்பது என் பேராசை. அந்தக் கால அறிஞர்கள் ஒரு ஹதீஸுக்காக மாதக்கணக்கில் பாலைவனம் கடந்தார்கள். நானோ ஜன்னல் ஓர இருக்கை கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

மெல்பர்ன் நகரத்திலிருந்து புறநகரான கிரான்பர்னுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்டேஷனில் டாக்சி ஓட்டிய பஞ்சாபிக்காரர், வீடு பார்க்க வந்தீர்களா என்றார். இங்கே வருகிறவர்கள் எல்லாம் அதற்குத்தான் வருகிறார்களாம். ஒரு வாக்கியம் கேட்க வந்தேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தவர், நான் தேடி வந்த மௌலவியின் மனைவி. போனில் என்னை வரச் சொன்னவரும் அவர்தான். இருவரும் காத்தான்குடிக்காரர்கள்.

"வாங்க தம்பி, கதிரையில இரிங்க."

மௌலவிக்கு அறுபது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் தலை குனிந்தார்.

"மன்னிக்கணும் தம்பி. எனக்கு இனி சொல்ல ஏலா. ஸ்ட்ரோக் வந்த பொறகு பேருகள் மாறிப் போகுது."

"ஒண்ணே ஒண்ணுதானே ஹஸ்ரத்? முன்ன பின்ன இருந்தாப் பரவாயில்ல."

"ஒரு பேரு தவறினாலும் பொய்தான். நபியிட பேருல நான் பொய் சொல்லவா?"

என் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அந்த மனிதர்மேல் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

தேநீரோடு வந்த அவர் மனைவி கணவரைப் பார்த்தார். "மதீனாவுல அந்த இமாம் என்ன செஞ்சவர் எண்டு நீங்கதானே எனக்குச் சொன்னது?"

எனக்கும் அந்த இமாமைத் தெரியும். ஹதீஸ் கலையின் தொடக்க காலத்தவர். ஒரு நோயில் தன் நினைவின் ஒரு பகுதியை இழந்தார். தான் முன்பு சொன்ன ஹதீஸ் ஒன்றை, கேட்டவர் எடுத்துக் காட்டியும் அவருக்கு நினைவு வரவில்லை. நினைவிருப்பதாக நடிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நம்பிக்கையான இன்னார் எனக்குச் சொன்னார், நானே அதை அவருக்குச் சொன்னேனாம் என்று அன்றிலிருந்து அறிவித்தார். தன் மறதியையும் சேர்த்தே அறிவித்த அந்த நேர்மைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

"நீங்க கேட்டு வந்த ஹதீஸ், கலியாணம் முடிச்ச புதுசுல இவர் எனக்கு ஓதித் தந்தது, தம்பி. நோய் வாறதுக்கு எவ்வளவோ முந்தி" என்றார் மனைவி. மௌலவியின் பக்கம் திரும்பி, "சொல்லட்டா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் மௌலவி.

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். முதலில் கணவர் பெயர், பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள், கடைசியில் மண்ணில் உள்ளவர்களுக்கு இரக்கம் காட்டச் சொல்லும் அந்த நபிமொழி. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மௌலவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். மனைவி சொன்னார். "இன்னும் ஒருக்கா." அதையும் சொன்னார்.

பிறகு மௌலவி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, இப்ப என்னட்டக் கேளுங்க. இதை எனக்கு அறிவிச்சது என்ட பொஞ்சாதி. அவ நம்பிக்கையானவ. நான்தான் அவக்குச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்ல."

மேற்கொண்டு பெயர்களை அவர் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை விமானத்தில் என் சங்கிலியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் மௌலவியின் பெயர் இரண்டு முறை வருகிறது. நடுவில் அவர் மனைவியின் பெயர்.